ஒரு முஷ்டிக்குள் கோதாவரி

பைனாகுலரை மாதேஸ்வரியின் கையில் கொடுத்துவிட்டு, வாசலில் நின்று மலைக்கோயிலைப் பார்க்கச் சொன்னார் கடைக்காரர் பிரேம்குமார். கேமரா, பரிசுக் கோப்பை, பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் ஒன்றாக இருக்கும் கடை அது. ஓசூரில் பைனாகுலர் கேட்டு வருபவர்கள் குறைவு. வருகிற எல்லோருக்கும் அவர் அந்த மலையைத்தான் காட்டுவார்.

“கோபுரம் தெரியுதாம்மா?”

“ஒரு பொம்மையோட மூக்கு தெரியுதுங்க.”

“மூக்கா?” அவர் சிரித்தார். “கொஞ்சம் நிதானமா பாருங்க. சுத்தி வட்டமா ஒரு கறுப்பு தெரியும். அந்த வட்டத்துக்குள்ள கோபுரம் முழுசும் வந்துடும்.”

“கறுப்புன்னு ஒண்ணும் இல்லீங்களே. மூக்குதான் இருக்குது.”

பிரேம்குமார் அவள் கணவன் சிவராஜைத் திரும்பிப் பார்த்தார். சிவராஜ் கண்ணாடி அலமாரியில் இருந்த பெரிய பைனாகுலரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அது என்ன பவர்?”

“இருபது.”

“அதையே குடுங்க.”

“படகுல போறோம்னு சொன்னீங்களே சார். படகு ஆடும், நம்ம கையும் ஆடும். இருபதுல பாத்தா மலையே குத்தாட்டம் போடும். படகுக்கு எட்டுதான் சரி.”

சிவராஜுக்கு மனம் ஒப்பவில்லை. அவன் பதினான்கு வருடமாக பிரஸ் ஆபரேட்டர். எண்பது டன் பிரஸ்ஸில் வளையாத தகடு நூற்றைம்பது டன்னில் வளையும் என்பது அவன் கையறிந்த உண்மை. எட்டு போதாத இடத்தில் இருபது போதும் என்றுதான் அவனால் யோசிக்க முடிந்தது.

“எட்டே இருக்கட்டும்ங்க,” என்றாள் மாதேஸ்வரி. “கழுத்துக்குக் கனமா இல்ல.”

அவளுக்கு எட்டும் உதவாது, இருபதும் உதவாது என்று அவள் அப்போதே தெரிந்துகொண்டாள். ஆனால் அவன் அந்தக் கடைக்கு மூன்று முறை வந்து விசாரித்திருந்தான்.

கண் கெட்டுப்போனால் எல்லாம் மங்கலாகத் தெரியும் என்றுதான் சிவராஜ் முன்பு நினைத்திருந்தான். மாதேஸ்வரிக்கு எதுவும் மங்கலாக இல்லை. நடுவில் இருப்பது ஊசிமுனை வரை தெரிந்தது. ஓரங்கள்தான் இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. சின்ன வயதிலிருந்தே மாலைக்கண் உண்டு. இருட்டினால் வெளியே போகமாட்டாள். பகலிலும் ஓரம் சுருங்கத் தொடங்கியதை அவளே கவனிக்கவில்லை. பெங்களூர் கண் மருத்துவமனையில் டாக்டர் அவளைக் கையை நீட்டி முஷ்டியை மடக்கச் சொன்னார்.

“இப்ப உலகம் இவங்களுக்கு இந்த முஷ்டி அளவுக்குத்தான் தெரியுது. ரெண்டு வருஷம் முன்னாடி பாத்த ரிப்போர்ட்ல ரெண்டு முஷ்டி இருந்திருக்கு.”

“அடுத்த ரெண்டு வருஷத்துல?” என்று சிவராஜ் கேட்டான்.

டாக்டர் ஒரு காகிதத்தைக் குறுகலான குழாயாகச் சுருட்டி அவனிடம் கொடுத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றதை இதில் வைத்து, கதவுவரை நடந்து பாருங்கள் என்றார். சிவராஜ் நான்காவது அடியில் நாற்காலியில் இடித்துக்கொண்டான். குழாயை எடுத்துவிட்டுப் பார்த்தபோது மாதேஸ்வரி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இருந்த பக்கத்தை அவன் மறந்தே போயிருந்தான்.

“பாக்க வேண்டியது ஏதாவது இருந்தா தள்ளிப்போடாதீங்க,” என்றார் டாக்டர்.

அவள் வேலை செய்வது வண்டிகளுக்கு ரப்பர் சீல் செய்கிற சின்ன கம்பெனியில். ஒன்பது வருடம் கடைசிச் சோதனை மேசையில் உட்கார்ந்திருந்தாள். மயிரிழை வெட்டுக்கூட அவளிடம் தப்பாது. மாதேஸ்வரி பாஸ் பண்ணிய பெட்டியைத் திரும்பப் பார்க்க வேண்டாம் என்பது அங்கே பேச்சு. கையில் இருக்கும் சீலைத் தவிர வேறு எதுவும் அவள் கண்ணில் படாது என்பது யாருக்கும் தெரியாது. சாப்பாட்டு இடைவேளையில் பக்கத்தில் வந்து நிற்பவர்களைப் பார்க்காமல் போனால், “பெரிய கலெக்டரம்மா, நம்மளயெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா,” என்பார்கள். பிறகு இரண்டு முறை டிராலியில் மோதினாள். இரண்டாவது முறை நெற்றி பிளந்து தையல் போட்டார்கள். அதற்குப் பின் பேக்கிங்கில் உட்கார வைத்தார்கள்.

அங்கே பக்கத்தில் உட்கார்ந்து பேக் செய்கிற நாராயணம்மாதான் அவளுக்கு ஒரு வீடியோவைக் காட்டினாள். நாராயணம்மாவின் தம்பி முனீஸ்வரன் ராஜமுந்திரிப் பக்கம் ஒரு சுற்றுலாப் படகில் சமையல்காரன். கோதாவரி இரண்டு மலைகளுக்கு நடுவே நுழைகிற இடத்தில் படகின் மேல்தளத்தில் நின்று எடுத்திருந்தான். முதலில் அகலமான ஆறு. போகப்போக மலைகள் நெருங்கி வந்தன. ஒரு கட்டத்தில் இரண்டு கரையும் மாதேஸ்வரியின் கையகல போனுக்குள் வந்துவிட்டன.

“கடல்னா எனக்கு என்ன இருக்குது,” என்று அன்று சாயங்காலம் சிவராஜிடம் சொன்னாள். “ஒரு முஷ்டி நீலம். அதைப் பாக்க அவ்ளோ தூரம் போகணுமா. இது அப்படி இல்லீங்க. ரெண்டு மலையும் கிட்ட வருது பாருங்க. ஒரே பார்வையில ரெண்டு கரையும் பாத்துடுவன். எனக்கு ரெண்டு பக்கமும் சேந்தாப்ல தெரிஞ்சு எவ்ளோ நாளாச்சு.”

சிவராஜ் அந்தப் பயணத்தை, பிரஸ்ஸில் டை என்கிற இரும்பு அச்சை மாட்டுவதுபோல ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினான். ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் இரண்டு பேருக்கும் லீவு தீர்ந்திருந்தது. இரண்டு கம்பெனியும் சேர்ந்தாற்போல மூடுவது பொங்கலுக்குத்தான். அடுத்தது ஆயுத பூஜை. அதற்குள் முஷ்டி என்ன ஆகுமோ. படகு ஜனவரி பதின்மூன்றாம் தேதி காலை ஏழரைக்கு. மேல்தளத்தில் முன்வரிசை மூலை இருக்கை வேண்டும், பக்கத்தில் யாரும் குறுக்கே போகக்கூடாது என்று முனீஸ்வரனிடம் சொல்லி வைத்தான். மூங்கில் குடிசையில் இரவு தங்கும்போது கழிவறை எத்தனை அடி தூரம், வழியில் கல் இருக்கிறதா என்று கேட்டான். “அண்ணா, கல்லு இருந்தா நானே பொறுக்கிப் போட்டுடறன்,” என்றான் முனீஸ்வரன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகவே பெங்களூர் போய், ரயில் நிலையத்தில் பிளாட்பாரத்துக்கு இறங்கும் படிகளை எண்ணினான். இருபத்துமூன்று. பதின்மூன்றாவது படிக்குப் பின் திருப்பம். வீட்டுக்கு வந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். அவளும் மனப்பாடம் செய்துகொண்டாள். பதினொன்றாம் தேதி இரவு பன்னிரண்டு இருபதுக்கு வண்டி. பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் போய்ச் சேர்ந்து, ராத்திரி தங்கி, காலையில் படகு. டிக்கெட்டை போனில் அவன் போட்டான், அவள் சரிபார்த்தாள். படத்தை முனீஸ்வரனுக்கும் அனுப்பினான்.

பத்தாம் தேதி சாயங்காலம் ரயில்வேயிலிருந்து பெர்த் எண்ணோடு செய்தி வந்தது. கீழ் பெர்த் கிடைத்திருந்தது. சிவராஜ் அந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு அவளிடம் ஓடிவந்து காட்டினான். அன்று இரவு இரண்டு பேரும் சீக்கிரமே தூங்கினார்கள்.

பதினொன்றாம் தேதி மாலை நான்கு மணிக்கு, மூக்கண்டப்பள்ளியில் அவர்களுடைய ஒற்றை அறை வீட்டில், சிவராஜ் கடைசிச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. முனீஸ்வரன்.

“அண்ணா, பாகுன்னாரா? வண்டி ஏலூரு வந்துடுச்சுன்னு போன்ல காட்டுது. எந்தக் கோச்சுன்னு சொல்லுங்க, நான் ஸ்டேஷனுக்கு வந்து நிக்கறன்.”

“எந்த வண்டி?”

“உங்க வண்டிதாண்ணா. டிக்கெட் அனுப்பினீங்களே. ஒரு நாள் முன்னாடியே வந்து ரெஸ்ட் எடுக்கறீங்கன்னு நெனச்சன். அக்காவ எழுப்பி வைங்க, இன்னும் ரெண்டு மணி நேரம்தான்.”

சிவராஜ் சட்டையை மடித்தபடியே நின்றான். பிறகு டிக்கெட்டைத் திறந்து பார்த்தான். தேதி பதினொன்று. நேரம் 00.20.

அவன் கம்பெனியில் சி ஷிப்ட் இரவு பத்தரைக்குத் தொடங்கி மறுநாள் காலை ஆறரைக்கு முடியும். நடுவில் நாள் மாறினாலும் ஜாப் கார்டில் தேதி மாறாது. பதினொன்றாம் தேதி ராத்திரி வேலைக்கு வந்தவன், விடியற்காலை நான்கு மணிக்கு அடிக்கிற பீஸுக்கும் பதினொன்று என்றுதான் எழுத வேண்டும். பன்னிரண்டு என்று எழுதினால் சூப்பர்வைசர் கார்டைக் கிழித்துப் போடுவார். பதினொன்றாம் தேதி ராத்திரி, பன்னிரண்டு இருபது. அது பதினொன்றாம் தேதி சி ஷிப்ட். அவன் கை தானாகப் பதினொன்றைத் தொட்டிருந்தது. வண்டியோ பதினொன்று பிறந்த இருபதாவது நிமிடத்தில், அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது, கட்டிலுக்கடியில் பை இன்னும் காலியாகக் கிடந்தபோது, பெங்களூரை விட்டுப் போய்விட்டது.

“என்னங்க?” என்றாள் மாதேஸ்வரி.

அவன் போனை அவளிடம் நீட்டினான். அவள் அதை முகத்துக்கு நேரே பிடித்து, எழுத்து எழுத்தாகப் பார்த்தாள்.

“சரியாத்தான இருக்குது. பதினொண்ணு, சி ஷிப்ட்டு...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

“நான் கொலகாரன் மாதேஸ்,” என்றான் சிவராஜ். “படியக்கூட எண்ணிப் பாத்தன். தேதியப் பாக்கல.”

“நான் பாத்தனே. நான்தான பாஸ் பண்ணன்.”

அவன் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான். அதன் பின் அரை மணி நேரம் அந்த அறையில் போன் பேச்சு மட்டும்தான் இருந்தது. சங்கராந்திக்கு ஆந்திராவே ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. ரயிலில் எந்த வகுப்பிலும் இடமில்லை. பஸ் கம்பெனிக்காரர்களில் ஒருவன், “சார், டிரைவர் பக்கத்து இன்ஜின் மேலகூட ஆள் புக் ஆயிடுச்சு,” என்றான். இன்னொருவன் பொங்கலுக்குப் பிறகு கூப்பிடச் சொன்னான். வேறொருவன் எடுக்கவே இல்லை. அவனுக்கு சிவராஜ் எட்டு முறை அடித்தான். படகைத் தள்ளிப்போட முடியுமா என்று முனீஸ்வரனிடம் கேட்டான். திருவிழாக் கூட்டம், இருபதாம் தேதி வரைக்கும் ஒரு சீட்டும் இல்லை என்றான் அவன். இருபதாம் தேதி இரண்டு கம்பெனியும் ஓடும்.

கடைசியில் முனீஸ்வரனே திரும்ப அழைத்தான்.

“அண்ணா, ராத்திரி ஒம்பது மணிக்கு பெங்களூர்லருந்து ஒரு ஸ்பெஷல் இருக்குதாம். எல்லாம் ரிசர்வேஷன் இல்லாத பொட்டி. ஏறிட்டா நாளைக்கு மத்தியானம் இங்க இருப்பீங்க. ஆனா கூட்டம்... அக்காவ வெச்சிக்கினு எப்படிண்ணா.”

மாதேஸ்வரி ஏற்கெனவே செருப்பின் வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். “வெளிச்சம் இருக்கறப்பவே கிளம்பிடலாம்,” என்றாள்.

ஓசூர் பஸ் நிலையத்தில் ஏறும்போது ஐந்தாகிவிட்டது. ஆறேகாலுக்கு இருட்டிவிடும். அதற்குள் பெங்களூர் ரயில் நிலையத்தில் அவளை ஓரிடத்தில் உட்கார வைத்துவிட வேண்டும் என்பது அவன் கணக்கு. டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கையில் அவளுக்கு இடம் கிடைத்தது. அவன் பக்கத்தில் நின்றான். எதிர்ச்சாரியில் பெங்களூரே பொங்கலுக்குக் காலியாகி வந்துகொண்டிருந்தது. கார்களின் மேல் மூட்டைகள், கரும்புக் கட்டுகள். இந்தப் பக்கம் காலியாக இருக்க வேண்டியது. ஆனால் அத்திப்பள்ளியைத் தாண்டியதும் ஒரு கன்டெய்னர் லாரி அச்சு முறிந்து குறுக்கே கிடந்தது. பஸ் நின்றது. ஐந்து நாற்பது. ஐந்து ஐம்பது. கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கன்னடத்தில் யாரிடமோ, இன்னும் ஒரு மணி நேரம் என்றார்.

சிவராஜ் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தான். வெயில் மஞ்சளாகி, லாரியின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“இறங்கிடலாம்,” என்றான். “எதிர்ல வர்ற வண்டியப் புடிச்சா வெளிச்சத்தோட வீட்டுக்குப் போயிடலாம்.”

“போயி?”

“போயி என்ன பண்றதுன்னு தெரியல. ஆனா அந்தக் கூட்டத்துல, இருட்டுல உன்ன இழுத்துக்கினு போக என்னால ஆவாது. கீழ விழுந்தன்னா மிதிச்சுட்டுப் போவாங்க. நானே பண்ண தப்பு. அதுக்கு உன் உயிர வெச்சு விளையாடணுமா?”

அவள் மடியிலிருந்த பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலைத் தேடினாள். கையில் பைனாகுலர்தான் அகப்பட்டது. வெளியே எடுத்தாள். எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்று பார்க்காமல், கோபத்தில், ஒரு குழாயைக் கண்ணில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தாள்.

பிறகு அசையாமல் இருந்தாள். அழுகிறாள் என்று சிவராஜ் நினைத்தான்.

“ஏங்க,” என்றாள் மெதுவாக. “கறுப்பு தெரியுது.”

“என்ன கறுப்பு?”

“கடைக்காரர் சொன்னாரே, சுத்தி வட்டமா ஒரு கறுப்பு. அன்னைக்கு எனக்குத் தெரியவே இல்ல. இப்பத் தெரியுது.”

அவள் தலைகீழாகப் பிடித்திருந்தாள். பெரிய கண்ணாடி அவள் கண்ணில் இருந்தது, சின்னது சாலையைப் பார்த்திருந்தது. அவன் கையை நீட்டி அதைச் சரியாகத் திருப்பப் போனான். அவள் தட்டிவிட்டாள்.

“இருங்க. டிரைவர் தெரியறாரு. அவரோட சாமி படம். அந்தப் பக்க ஜன்னல், இந்தப் பக்க ஜன்னல். அந்தக் கம்பியில தொங்கற பிள்ளையோட தூளி. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கடை. அந்தக் கடை, இந்தக் கடை, நடுவுல லாரி, மேல வானம்...” பைனாகுலரை இன்னும் கண்ணோடு அழுத்திக்கொண்டாள். “எல்லாம் சேந்தாப்ல இருக்குதுங்க. தீப்பெட்டியில வெச்ச மாதிரி.”

மெல்ல அவன் பக்கம் திரும்பினாள்.

“நீங்களும் முழுசா இருக்கீங்க. தலைலருந்து செருப்பு வரைக்கும். ஆனா எவ்ளோ தூரத்துல நிக்கறீங்க.”

“இங்கதான் நிக்கறன்,” என்றான் அவன். அவள் தோளைத் தொட்டான்.

“தெரியும். கை இங்க இருக்குது. ஆளு அங்க, ஓசூரு தளி ரோட்டு மூலைல நிக்கற மாதிரி இருக்குது.”

சிவராஜ் பைனாகுலரை வாங்கி, தானும் அதே பக்கமாகப் பார்த்தான். அவனுக்கு அது ஒரு குழந்தை விளையாட்டாகத்தான் இருந்தது. சின்னதாக, மங்கலாக ஒரு பஸ். அவளிடம் திருப்பிக் கொடுத்தான். அவள் உடனே கண்ணில் வைத்துக்கொண்டாள். வெளிச்சம் குறையக் குறைய அந்தச் சின்ன வட்டமும் மங்கிக்கொண்டே வந்திருக்க வேண்டும். ஆனாலும் கீழே இறக்கவில்லை.

“ரெண்டு கரையும் இதுல வந்துடும்,” என்றாள். “மலை கிட்ட வர்ற வரைக்கும்கூட காத்திருக்க வேண்டாம். ஆறு அகலமா இருக்கற இடத்துலயே வந்துடும்.”

“மாதேஸ், சொல்றதக் கேளு. ஒம்பது மணி வண்டி. கதவுலயே ஆள் தொங்கிக்கினு இருப்பான்.”

“இருப்பான். அடுத்த பொங்கலுக்கும் இருப்பான். அப்ப நான் எதை வெச்சுப் பாக்கறது?”

முன்னால் யாரோ விசிலடித்தார்கள். கிரேன் வந்துவிட்டது போலிருந்தது. லாரி அரை அடி நகர்ந்து திரும்ப நின்றது. வெளியே கடைகளில் விளக்குப் போட ஆரம்பித்தார்கள். மாதேஸ்வரி பைனாகுலரை மடியில் வைத்தாள். இமைகளை இரண்டு முறை மூடித் திறந்தாள். அது என்னவென்று அவனுக்குத் தெரியும். தினமும் சாயங்காலம், வாசலில் நின்று, இதே நேரத்துக்கு அவள் செய்வது. வெளிச்சம் போய்விட்டதா என்று சோதித்துப் பார்ப்பது.

“போயிடுச்சா?” என்று கேட்டான்.

“ம்.”

அவள் பைனாகுலரின் கழுத்து வாரைத் தடவித் தடவிக் கொக்கியைக் கழற்றினாள். பைனாகுலரைப் பையின் அடியில், அவன் சட்டைகளுக்கு நடுவே செருகினாள். வார் மட்டும் கையில் இருந்தது.

“மொத கம்பெனில ஒரு பழைய பிரஸ் இருந்துச்சுன்னு சொல்லுவீங்களே. மணிக்கட்டுல வார் கட்டி விடுவாங்க, பிரஸ் இறங்கறப்ப அதுவே கையப் பின்னால இழுத்துக்கும்னு.”

“ஆமா.”

“அது மாதிரி கட்டுங்க. ஒரு முனை உங்க கையில, ஒரு முனை என் கையில. கூட்டத்துல நீங்க புடிய விட்டாலும் இது விடாது.”

“இழுத்தா உனக்கு வலிக்கும்.”

“வலிச்சா இருக்கீங்கன்னு தெரிஞ்சுக்கறன்.”

அவன் இருக்கைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து வாரைக் கட்டினான். அவள் மணிக்கட்டில் இரண்டு சுற்று, ஒரு விரல் நுழையும் இடம் விட்டு, பிரஸ்ஸில் டையைக் கட்டித் தூக்கும்போது போடுகிற அதே முடிச்சு. தன் கையில் ஒற்றைக் கையால் கட்டும்போது முடிச்சு விழவில்லை. அவள் இருட்டில் அவன் கையைத் தடவித் தேடி, வாரைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்கினாள். பஸ்ஸில் நின்றிருந்த ஒரு பெண் அவர்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆறு நாற்பதுக்கு பஸ் கிளம்பியது. வழி முழுவதும் அவன் முனீஸ்வரனுக்கோ வேறு எவருக்கோ போன் செய்யவில்லை. எட்டு பத்துக்கு ரயில் நிலையத்தின் முன்னால் இறங்கியபோது, உள்ளேயிருந்து வந்த இரைச்சல் கல்லுடைக்கிற கிரஷர் ஓடுவதுபோல் இருந்தது. தலைகளும் மூட்டைகளும் வாசல்வரை நிரம்பியிருந்தன. சிவராஜ் அதைப் பார்த்து நின்றுவிட்டான். மாதேஸ்வரி எதையும் பார்க்காமல் அவன் பக்கத்தில் நின்றாள்.

“எவ்ளோ கூட்டம்?” என்று கேட்டாள்.

அவன் பொய் சொல்ல வாயெடுத்தான். வரவில்லை.

“ரொம்ப.”

“படி எங்க?”

“நேரா. முப்பது அடி.”

அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வாரை ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். அவன் கை அசைந்தது.

“இருபத்துமூணு படி,” என்றாள். “பதிமூணுக்கு அப்புறம் திருப்பம். நடங்க.”